கோட்டு வேண்டாம்: பால்புதுமையரைப் போர்ட்ரெய்ட் எடுக்கத் தொடங்குவோருக்கு

என் தோழி ஒருவர், திருநங்கை. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்று ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார். நீலச் சுடிதார், சின்னப் பொட்டு, இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த முடி. அரை மணி நேரம் கழித்துக் கவரில் போட்டுக் கொடுத்த எட்டுப் படங்களிலும் அவர் கறுப்புக் கோட்டும் டையும் போட்டிருந்தார். பொட்டைக் காணோம். தோளில் விழுந்திருந்த முடியும் காணோம். கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் கோட்டை எடுத்து ஒட்டியிருக்கிறார் ஸ்டுடியோக்காரர். "கவர்மென்ட் வேலைக்குத்தானே, இப்படி இருந்தாத்தான் மதிப்பாங்க" என்றாராம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தோழி அந்தக் கவரை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் என்னிடம் கொண்டுவந்தார். "நீ எடு" என்றார்.

எனக்கு அப்போது கல்யாண வீடுகளில் எடுத்த பழக்கம் மட்டும்தான். அன்றிலிருந்து திருநங்கையர், பிறப்பில் பெண் எனப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர்கள், எந்தப் பெயருக்குள்ளும் அடங்க விரும்பாதவர்கள் என்று, பால்புதுமையர் என்ற சொல்லுக்குள் வரும் பலரை எடுத்திருக்கிறேன். இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களே பால்புதுமையராக இருக்கலாம், நண்பருக்காகக் கேமராவைத் தூக்குகிறவராக இருக்கலாம். கையில் போன் மட்டும் இருந்தாலும் போதும்.

முதலில், டீ

முதல் சந்திப்புக்குக் கேமரா கொண்டுபோகாதீர்கள். டீக்கடையோ வீடோ, அவர் சொல்கிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்? எந்தப் படத்தில் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்? எந்தப் படத்தைக் கிழித்துப் போட்டார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் உங்களுக்கு வேண்டிய பாதி விஷயம் இருக்கும். "கீழே இருந்து எடுத்தாங்க, தாடை பெருசாத் தெரிஞ்சுது" என்பார் ஒருவர். "சிரிக்கச் சொன்னாங்க, எனக்குச் சிரிப்பு வரல" என்பார் இன்னொருவர்.

தமிழில் வினைச்சொல்லே பாலைக் காட்டிவிடும். வந்தான், வந்தாள் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் "அவர், வந்தார்" என்று பேசுங்கள், பிறகு அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். மும்முரத்தில் "கொஞ்சம் திரும்புப்பா", "அப்படியே நில்லும்மா" என்று வந்துவிடும். திருநம்பி ஒருவரிடம் பழக்க தோஷத்தில் ஒரு முறை "ம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த நாற்பது படங்களிலும் தோள் உள்ளே மடங்கியே இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் எடுத்தோம்.

ஒப்புதல்

2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து, வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றம் இல்லை. அதற்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2014 ஏப்ரல் 15இல், திருநங்கை, திருநம்பி போன்ற திருநர்கள் தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதும், அண்ணன் ஊரிலிருந்து கிளம்பி வந்து சண்டை போடுவதும் தீர்ப்பைப் படித்துவிட்டா நடக்கிறது? ஒரே ஒரு படம் தவறான குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் ஒருவருடைய படிப்பு நின்றுபோகும். அதனால் ஒப்புதலை வாய்வார்த்தையோடு விடாதீர்கள்.

ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். முகம் தெரியலாமா, பெயர் போடலாமா, யாரெல்லாம் பார்க்கலாம், எவ்வளவு காலத்துக்கு என்று நான்கு கேள்விகள் போதும். மூன்றாவது கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். "எனக்கு மட்டும்", "நண்பர்களுக்கு", "கண்காட்சியில் அச்சாக", "இணையத்தில்" ஆகிய நான்கும் வேறு வேறு சம்மதங்கள். கண்காட்சிக்குச் சரி என்றவர் இன்ஸ்டாகிராமுக்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளில் இரண்டு பிரதி, ஆளுக்கு ஒன்று.

எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம், சொன்னால் எடுத்துவிடுவேன் என்றும் எழுதுங்கள். கூடவே, இணையத்தில் ஏறிய படத்தை முழுதாகத் திரும்ப வாங்க யாராலும் முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் படத்தை நான் எங்கும் வெளியிடுவதில்லை, அவர்களே கெஞ்சினாலும்.

இன்னொரு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் இல்லையென்றால் எடுத்தவர்தான் அதன் முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் இலவசமாக எடுத்துக் கொடுத்தால் உரிமை உங்களிடமே தங்கிவிடும். படத்தில் இருப்பவர் தன் படத்தை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் சைஸிலிருந்து தொடங்குங்கள்

பலரும் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் வானவில் கொடி, பறக்கும் புடவை, கண்ணில் மினுமினுப்பு என்று யோசித்துக்கொண்டு வருவார்கள். அதெல்லாம் அழகுதான், எடுக்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றுக்கோ, வங்கிக்கோ, வேலைக்கோ ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது, தன்னைப் போலவே இருக்கிற ஒரு சின்னப் படம். வெள்ளைச் சுவர், ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு ஸ்டூல், மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர். பத்து நிமிட வேலை. அவர் பொட்டு வைத்திருந்தால் பொட்டோடு, மீசை வளர்த்திருந்தால் மீசையோடு. அதை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். அதற்குள் கேமரா மேலிருந்த பயமும் பாதி போயிருக்கும்.

இடமும் ஒளியும்

அழகான இடத்தைவிட, அவர் பயமில்லாமல் மூச்சு விடுகிற இடம்தான் வேண்டும். மெரினாவில் காலை ஆறு மணி ஒளி அருமையாக இருக்கும், ஆனால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மொட்டை மாடி என்றால் எதிர்வீட்டு ஜன்னல்களை எண்ணிக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். நான் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் எடுக்கிறேன். ஒரு ஜன்னல் இருந்தால் ஸ்டுடியோ தயார்.

நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று அடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகத் தொங்கவிடுங்கள், ஒளி பால் போல ஆகிவிடும். இருண்ட பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் அங்கும் கொஞ்சம் வெளிச்சம் ஏறும். அதற்குப் பதில் கறுப்புப் போர்வையைப் பிடித்தால் நிழல் இன்னும் ஆழமாகும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அது ஜன்னல் ஒளியோடு கலந்தால் முகத்தில் இரண்டு நிறம் விழும். நம் வீடுகளில் பச்சை, ரோஸ், நீலம் என்று அடித்திருக்கும் சுவர்களையும் கவனியுங்கள். பச்சைச் சுவருக்கு ஒட்டி உட்கார்ந்தால் கன்னத்தில் பச்சை ஏறும். இரண்டடி முன்னே நகர்த்தினால் சரியாகிவிடும்.

போனில் எடுக்கிறீர்கள் என்றால் முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் லென்ஸ் போடுங்கள். போர்ட்ரெய்ட் மோட் ஜிமிக்கி ஓரத்தையும் சுருட்டை முடியையும் மல்லிகைச் சரத்தையும் தின்றுவிடுகிறது, அதனால் அதை அணைத்துவிட்டும் சில எடுங்கள். கேமரா வைத்திருப்பவர்களுக்கு 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் தாராளம். ஆனால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, 1.8இல் வைத்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். ஒருவர் என்றால் 2.8, ஜோடி என்றால் 4 அல்லது 5.6. ஷட்டர் வேகம் 1/200 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் போட்டோ ஸ்டுடியோக்கள் காலம் காலமாகச் செய்து வருகிற தவறு இங்கேதான் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு 'ஷர்லி கார்டு' என்று ஒன்றை அனுப்பும். அதில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோலுக்கு நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்று அர்த்தம். கறுப்புத் தோலுக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. இன்று போனில் இருக்கும் பியூட்டி மோடும் கேட்காமலே வெளுக்கிறது. முதல் வேலையாக அதை அணையுங்கள்.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். கறுத்த முகத்தை வெள்ளைச் சுவருக்கு முன் வைத்தால், சுவரைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டுங்கள். அதே முகத்தை இருண்ட பின்னணியில் வைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் போட்டு, தோலைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடும். அப்போது அரைப் படி குறையுங்கள். போனில் கன்னத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் போதும்.

கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதில் விழும் பளபளப்புதான். அதனால் பவுடர் அப்பாதீர்கள். பிளாஷ் அடித்தால் வெள்ளைப் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரியும். கன்ன எலும்பிலும் தோள்பட்டையிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜனேலே முஹோலி தன்னையே எடுத்த படங்களில் தோலின் கறுப்பை வேண்டுமென்றே இன்னும் கூட்டியிருப்பார். தலையில் பாத்திரம் தேய்க்கும் நார், துணி கிளிப்புகள் என்று, வீட்டு வேலை செய்து தன்னை வளர்த்த அம்மாவின் உலகத்துப் பொருட்களைக் கிரீடமாக வைத்திருப்பார். அவற்றைப் பார்த்த பிறகு எனக்கு யாருடைய நிறத்தையும் வெளுப்பாக்கி எடிட் செய்யக் கை வரவில்லை.

உடல்

சவரம் செய்த தாடை நிழலைச் சிலர் மறைக்க விரும்புவார்கள், சிலர் அப்படியே காட்ட விரும்புவார்கள். கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மறைக்க வேண்டும் என்றால் ஒளியை முகத்துக்கு நேராக, மென்மையாகக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டு ஒளி ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துக் காட்டும். கேமராவைக் கண் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே வைத்தால் தாடை சின்னதாகத் தெரியும். திருநம்பிகள் பலர் கேட்பது நேர்மாறாக இருக்கும்: கேமராவைக் கழுத்து உயரத்துக்கு இறக்கி, ஒளியைப் பக்கத்திலிருந்து விட்டால் தாடைக் கோடு அழுத்தமாக வரும். புதிதாக முளைத்த நாலு மீசை முடியை ஒளியில் நிறுத்திக் காட்டியபோது ஒருவர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் ஷூட் நின்றுபோனது, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பைண்டர் என்கிற இறுக்கமான மார்பு உள்ளாடையைப் போட்டிருப்பவர்களுக்கு நேரம் முக்கியம். தொடர்ந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் அதைப் போடக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. நம் சித்திரை வெயிலில் அவ்வளவு நேரமும் தாங்காது. காலையிலேயே எடுங்கள், நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றி ஓய்வெடுக்க நேரம் விடுங்கள், மின்விசிறி இருக்கட்டும்.

"லேடீஸ் மாதிரி நில்லுங்க", "கம்பீரமா நில்லுங்க" என்று சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள். "தலையைப் பின்னுங்க", "புடவை மடிப்பைச் சரி பண்ணுங்க", "சட்டைக் கையை மடிச்சு விடுங்க". கைக்கு வேலை வந்ததும் முகம் கேமராவை மறந்துவிடும். ஜோடிகளிடம், வீட்டில் டிவி பார்க்கும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்காரச் சொல்லுங்கள். நான் சொல்லிக் கொடுத்த எந்தப் போஸும் அதற்கு ஈடாக வந்ததில்லை. பத்துப் படத்துக்கு ஒரு முறை திரையை அவர்களிடம் திருப்பிக் காட்டுங்கள். பிடிக்காததை அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள்.

முகம் காட்ட முடியாதவர்களுக்கு

முகம் தெரியாவிட்டாலும் அது போர்ட்ரெய்ட்தான். டெல்லியில் பிறந்த புகைப்படக் கலைஞர் சுனில் குப்தா 1986, 87இல் அந்த ஊரின் தன்பாலீர்ப்பு ஆண்களை எடுத்தபோது பலர் முதுகைக் காட்டியோ, தலை சட்டகத்துக்கு வெளியே இருக்கும்படியோதான் நின்றார்கள். சுற்றிலும் ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் என்று ஊரே அடையாளம் காணும் இடங்கள். இருபது ஆண்டு கழித்து அதே ஊரில் அவர் எடுத்த வேறொரு வரிசையில் மக்கள் சொந்தப் பெயரோடு கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். இரண்டில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. முதுகுகளிலும் அவ்வளவு பேச்சு இருக்கிறது.

நீங்கள் செய்து பார்க்க: மருதாணி வைத்த கை, ஈரம் படிந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உருவம், துப்பட்டா மூடிய முகத்தில் ஒளி, சுவரில் விழும் நிழல். ஆனால் முகம் இல்லை என்றால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கையில் குத்திய பச்சை, மோதிரம், பின்னால் தெரியும் கேலண்டரில் கடைப் பெயர், வண்டி எண், கல்லூரி அட்டையின் கயிறு ஆகிய எதை வைத்தும் தெரிந்தவர் கண்டுபிடிப்பார். அவரையே உட்கார வைத்து, "உங்க அம்மா இந்தப் படத்தைப் பார்த்தா கண்டுபிடிப்பாங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

யாரிடமும் சொல்லாமல் தனியாக எடுத்துக்கொள்ள விரும்பினால், போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துப் பத்து நொடி டைமர் போடுங்கள். அல்லது வீடியோ எடுத்துவிட்டு அதிலிருந்து ஒரு நொடியை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். போட்டோக்கள் தானாக கிளவுடில் ஏறுவதை அதற்கு முன்பே நிறுத்துங்கள். குடும்பத்தார் எல்லாருக்கும் ஒரே கணக்கு இருக்கிற வீடுகளில் படம் அப்பாவின் டேப்லெட்டில் போய் நிற்கும்.

எடிட், அச்சு, அனுப்புதல்

எடிட்டில் பருவைத் துடைக்கலாம், அது இரண்டு வாரத்தில் போகிற விஷயம். மச்சம், தழும்பு, நிறம் ஆகியவற்றை அவர் கேட்டால் மட்டும் தொடுங்கள். தேர்ந்தெடுப்பதை அவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த படமும் அவருக்குப் பிடித்த படமும் வேறாக இருந்தால் அவருடையதுதான் போகும்.

கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தைப் பதிவு செய்வதை அணைத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும், தரமும் குறையும். தரம் வேண்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் வீட்டு இருப்பிடமும் கூடவே போகலாம். அதனால் முதலில் அந்தத் தகவலை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

படத்துக்கு அடியில் என்ன எழுதுவது? சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கான சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. திருநர், பால்புதுமையர் போன்ற சொற்கள் அச்சில் பரவ அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒருவர் "நான் வெறும் தையல்காரின்னு போடு" என்றால் தையல்காரி என்றே போடுங்கள்.

கூவாகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கில் திருநங்கையர் கூடுவார்கள். தாலி அறுத்து அழும் மறுநாள் காலையில் அவர்களைச் சுற்றிக் கேமராக்கள் நிற்கும். முகத்துக்கு அரை அடியில் லென்ஸை நீட்டுகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன், நெஞ்சு கொதித்தது. பத்திரிகைகளில் திருநங்கை என்றாலே அந்த அழுகைதான் பல காலம் வந்தது. தொடங்குகிறவர்கள் அங்கே போகாதீர்கள். வளையல் வாங்குகிற, சமைக்கிற, ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற மற்ற நாட்களில் எடுங்கள். சென்னையில் 2009 முதல் ஜூன் மாதம் நடந்துவரும் வானவில் பேரணிக்குப் போகலாம். அங்கும் முகமூடி போட்டவர் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், மற்றவர்களிடம் கண்ணால் ஒரு அனுமதி வாங்குங்கள்.

அச்சு கட்டாயம் கொடுங்கள். நாலுக்கு ஆறு அளவில் ஒரு படம் போடச் சில ரூபாய்தான். பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதுங்கள், ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போய் எடுங்கள். முஹோலி 2006இல் தொடங்கிய வரிசையில் பலரை ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்திருக்கிறார். முதலில் எடுத்த கவிஞர் தோழி அடுத்த ஆண்டே இறந்துவிட்டார், அந்தப் படம் இருக்கிறது. உடலும் பெயரும் உடுப்பும் மாறிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, வரிசையாக நான்கு தேதிகளும் நான்கு முகங்களும் கையில் இருப்பது பெரிய விஷயம்.

என் தோழிக்கு இதுவரை மூன்று எடுத்திருக்கிறேன். முதலாவது சான்றிதழில் ஒட்டியிருக்கிறது. அடுத்ததைத் தை மாதம் எடுக்கப் போகிறோம். பின்னணிக்கு என்ன துணி கட்டட்டும் என்று போன வாரம் கேட்டேன். "மஞ்சள். நானே கொண்டுவரேன்" என்றார்.